அண்டைக்கல்

மலைக்கு அந்தப் பக்கம் இன்று ஹர்த்தால்.
கம்பம்மெட்டில் ஒரு ஜீப்பும் ஏறவில்லை.
புதுப்பட்டியில், என் வீட்டு வாசலில்,
எண்பத்து நாலாம் வருசத்து மஹிந்திரா
நாலு சக்கரமும் கழற்றி
கருங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

டிரம் வர மறுத்தது.
சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினேன்.
எதிர்வீட்டு மாயழகு ஜன்னலைச் சாத்தினான்.
நாற்பதாவது தட்டில் விட்டுக்கொடுத்தது.
உள்ளே கறுப்புத்தூள்,
தேய்ந்த லைனிங்கில் ரிவிட்டின் பித்தளைத் தலை,
பின் இடது சக்கரத்தில் மட்டும்
ஈரம்.

சிலிண்டரைப் பிதுக்கினேன்.
வெளியே வந்த ரப்பர் கிண்ணம்
ஊறப்போட்ட உளுந்து மாதிரி உப்பியிருந்தது.
ஏனென்று எனக்குத் தெரியும்.
தை மாதம் இதைக் கழுவும்போது
பிரேக் ஆயில் தீர்ந்திருந்தது.
கம்பம் போய் வாங்கச் சோம்பல்.
டப்பாவில் டீசல் கிடந்தது.
டீசல் ரப்பருக்கு ஆகாதென்று
எந்தக் கிளீனர் பையனுக்கும் தெரியும்.

இந்த வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே குழாய்.
ஒன்று கசிந்தால் நாலும் போச்சு.
கைப்பிரேக்கா? அது பேருக்கு.

போன மாதம், பதினோராவது வளைவு.
ஏலக்காட்டுக்குப் பதினாறு பேர்:
உள்ளே பதினொன்று, பின்கம்பியில் ஐந்து.
எதிரே தடிலாரி. மிதித்தேன்.
பெடல் தரைவரைக்கும் போனது,
இருட்டில் இல்லாத படியில் கால்வைத்தது போல.
வண்டி பின்னால் நகர்ந்தது.
முதலில் குதித்தவள் ஒச்சம்மா, என் பெண்டாட்டி.
குதித்த கையோடு ஒரு கல்லைத் தூக்கி
டயருக்குக் கீழே அண்டை கொடுத்தாள்.
அவளுடைய தூக்குவாளி மட்டும்
பள்ளத்தில் உருண்டு போகிற சத்தம்
ரொம்ப நேரம் கேட்டது.

மீதி வளைவுகளை நடந்தே ஏறினார்கள்.
கூலியில் அரைநாள் பிடித்தார்கள்.

மத்தியானத்துக்கு மேல் ஓர் ஆள் தேவைப்பட்டது.
காற்று எடுப்பது ஒற்றை ஆள் வேலையில்லை,
ஒருத்தர் மிதிக்க, ஒருத்தர் திறக்க.
ஒச்சம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து
சேலையை இடுக்கிக்கொண்டு
முதல்முறையாக டிரைவர் சீட்டில் ஏறினாள்.
நான் வண்டிக்கடியில்,
நிப்பிளில் செருகிய ஆஸ்பத்திரி டிரிப் குழாய்,
அதன் மறுமுனையில் குளுக்கோஸ் பாட்டில்.

‘மிதி.’
‘மிதிச்சேன்.’
‘பிடி. விட்ராத.’
திறந்தேன். குமிழி.
குமிழி, கொஞ்சம் எண்ணெய், மறுபடி குமிழி.
மூடினேன். ‘விடு.’

பின் இடது முடிந்தது. பின் வலது முடிந்தது.
முன் இடதில், அவள் முகம் தெரியாத இடத்தில் கிடந்து,
‘மிதி’ என்றேன். ‘பிடி’ என்றேன்.
திறந்து, மூடி,
‘தையில டீசல்ல கழுவுனேன்’ என்றேன்.

மேலே சத்தமில்லை.
விடு என்று சொல்ல நான் மறந்துபோனேன்.
அவளும் விடவில்லை.
மாயழகு வீட்டு டிவியில் யாரோ சிரித்தார்கள்.

‘அந்த ஆயிலு எவ்வளவு?’
‘நூத்தி இருவது.’
‘ம்.’
கொஞ்சம் கழித்து அவளேதான்:
‘காலு வலிக்கி. அடுத்த சக்கரத்துக்குப் போ.’

விளக்கு வைக்கும் நேரத்தில்
பெடல் பாதியிலேயே நின்றது, கல் மாதிரி.
தெருமுனை வரை ஓட்டி அழுத்திப் பார்த்தேன்.
கொஞ்சம் வலப்பக்கம் இழுத்தது.
டார்ச்சை வாயில் கவ்வி,
ஷூவைக் கால் திருகு தளர்த்தினேன்.
இப்போது நேராக நிற்கிறது.

விடியக்காலம் நாலரை.
சுருளியம்மா ஏறினாள், தவமணி ஏறினாள்,
வெற்றிலையோடு மாயக்காள்.
ஒச்சம்மா கடைசியாக வந்தாள்,
ஒரு கையில் புதுத் தூக்குவாளி,
இன்னொரு கையில் சாக்குப்பை.
பையின் வாயில் அந்தக் கல்,
டயர் பதிந்த கறுப்பு அழியாமல்.

‘பிரேக்குதான் நல்லாருக்கே’ என்றேன்.
‘இருக்கட்டும்’ என்றாள்.

மாயக்காள் கல்லுக்கு இடம் விட்டு
நகர்ந்து உட்கார்ந்தாள்.